எந்த வில்லை, எந்தத் தூரத்துக்கு?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



நாங்கள் மூவர் சேர்ந்து எழுதிய உரை இது. 1972ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதிய வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒருத்தி ஆசிரியையாகவும், ஒருத்தி வங்கியிலும், ஒருத்தி தாதியாகவும் வேலை செய்து ஓய்வு பெற்றோம். வாசிக்கும் வேலையை ஆசிரியையிடம் தள்ளிவிட்டார்கள். ஆனாலும் "நாங்கள்" என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். ஏனென்றால், கடந்த நான்கு வருடங்களில் மூவருமே கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டோம். மூவரும் மூன்று விதமாக வில்லை வைத்துக்கொண்டோம்.

மலர்க்குழு எங்களிடம் கேட்டது பள்ளிக்கூட நினைவுகளைத்தான். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறீர்கள். போன ஒன்றுகூடலில் தேநீர் வேளையில் நாம் பேசிக்கொண்டதில் பாதி கண்ணைப் பற்றியது. "உனக்கு எந்த வில்லை வைத்தார்கள்? எவ்வளவு கொடுத்தாய்?" என்பதுதான் பேச்சு. அந்த இரண்டாவது கேள்விதான் எங்களை இதை எழுத வைத்தது. விலையைக் கேட்கிறோம், எந்தத் தூரத்தைப் பார்க்க அதை வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் பாட்டிமார் காலத்தில் இந்தத் தெரிவே கிடையாது. புரை விழுந்த வில்லையை வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் எதுவும் வைப்பதில்லை. அதற்குப் பதிலாக மூக்கில் ஏறுவது சோடாப் போத்தல் அடிப்பாகம் போன்ற கண்ணாடி. அதன் பவர் பத்துக்கு மேல் இருக்கும். பொருள்கள் கால்பங்கு பெரிதாகத் தெரியும்; அதனால் கிட்டவும் தெரியும். எங்களில் ஒருத்தியின் பாட்டி நமுனுகுலைப் பக்கத் தோட்டத்தில் இருந்தவர். தேநீர்க் கோப்பையை எடுக்கக் கையை நீட்டினால் அரைச்சாண் முன்னாலேயே விரலை மூடிவிடுவார். பேரப்பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். வாசற்படியில் ஒரு முறை கண்ணாடி விழுந்து உடைந்தது. புதியது வரும்வரை மூன்று மாதம் அவர் லயத்துக் காம்பிராவை விட்டு இறங்கவில்லை. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் கண்ணுக்குள் வில்லை வைக்கும் முறை அதற்கு முன்பே வந்திருந்தது. லண்டன் சென்ட் தோமஸ் வைத்தியசாலையில் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர் 1949 நவம்பர் 29ஆம் திகதி முதன்முதலில் அதைச் செய்தார். யுத்தத்தில் அடிபட்ட விமானிகளின் கண்ணில் விமானக் கூண்டின் பேர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துண்டுகள் குத்தியிருந்தன. அவை உள்ளேயே இருந்தும் கண் சினக்கவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். பிறகு ஒரு மருத்துவ மாணவர், புரையை எடுத்த இடத்தில் வேறு வில்லை வைப்பதில்லையா என்று கேட்டாராம். கண்ணுக்குள் அந்நியப் பொருளை வைப்பதா என்று அவருடைய துறையினரே பல வருடம் எதிர்த்தார்கள். கடைசிக் காலத்தில் அவருக்கே புரை வந்து, அவர் கண்டுபிடித்த வில்லையையே அவருடைய கண்ணிலும் வைத்தார்கள். 2000ஆம் ஆண்டு "சேர்" பட்டமும் கிடைத்தது. அடுத்த வருடம் காலமானார்.

இந்தக் கதையில் பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. அந்த முதல் நோயாளி 45 வயதுப் பெண். வில்லை கண்ணில் நன்றாக அமர்ந்தது. ஆனால் பவர் மிக அதிகம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருக்கு ஏறக்குறைய 18 அளவில் கிட்டப்பார்வை வந்துவிட்டது. இன்றைக்கும் எங்களை எல்லாம் ஆட்டிவைப்பது அந்தப் பவர் விஷயம்தான்.

தாதியாக இருந்தவள் இதை வரைந்து காட்டித்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். வில்லை வைப்பதற்கு முன் இரண்டு அளவுகள் எடுக்கிறார்கள். ஒன்று கண்ணின் நீளம், முன்னிருந்து பின் வரை. வளர்ந்தவர்களுக்கு அது 23, 24 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். மற்றது கருவிழியின் வளைவு. இரண்டையும் சூத்திரத்தில் போட்டு வில்லையின் பவரைக் கணிக்கிறார்கள். நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால், பிறகு போட வேண்டிய கண்ணாடி 2.5 அளவுக்கு மேல் மாறிவிடும். ஆகவே அந்த அளவெடுக்கும் நாளைச் சும்மா ஒரு சடங்கு என்று நினைக்க வேண்டாம். அசையாமல் இருங்கள். கண்ணோடு ஒட்டும் வில்லை அணிபவர்கள் அதை எத்தனை நாளுக்கு முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டு, அப்படியே நிறுத்துங்கள்.

அளவு சரியாக வந்தாலும், "எந்தத் தூரம் தெளிவாக வேண்டும்?" என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. சாதாரணமாக வைக்கும் வில்லை ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காட்டும். இளவயதில் நம் சொந்த வில்லை கிட்டத்துக்கு உப்பி, தூரத்துக்குத் தட்டையாகிக் கொடுத்தது. இது அப்படிச் செய்யாது. தூரத்துக்கு வைத்தால் வாசிக்கக் கண்ணாடி வேண்டும். வாசிக்க வைத்தால் தூரத்துக்குக் கண்ணாடி வேண்டும். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் தூரத்துக்கே வைப்பார்கள். பலருக்கு அதுதான் சரி.

ஆசிரியைக்கு அது சரியாக இருக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை, பவர் ஆறு. நம் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்று எழுதியவள் அவள்தான் என்பது சிலருக்கு ஞாபகமிருக்கும். ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டால், புத்தகத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் எவ்வளவு சின்ன எழுத்தையும் வாசிப்பாள். ஊசிக்கு நூல் கோர்ப்பாள். இரவில் படுத்துக்கொண்டு கண்ணாடியின்றி வாசிப்பது ஐம்பது வருடப் பழக்கம். ஒரு தனியார் வைத்தியசாலையில் வலக் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள். மறுநாள் கட்டை அவிழ்த்ததும் சுவரில் இருந்த கலண்டர் பளிச்சென்று தெரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டுக்கு வந்து இரவில் புத்தகத்தை எடுத்தாள். அந்தக் கண்ணால் ஒரு வரி வாசிக்க முடியவில்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகப் போக இன்னும் மங்கியது.

சத்திரசிகிச்சையில் பிழை ஒன்றும் இல்லை. கணக்கிலும் பிழை இல்லை. அவளிடம் யாரும் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை. எல்லோரும் தூரம் தெரிவதுதான் பார்வை என்று நினைத்துவிட்டார்கள். அன்றிரவு அவள் அழுதாள் என்பதை எழுத வேண்டாம் என்றாள். எழுதிவிட்டோம். கிட்டப்பார்வையோடு வாழ்ந்த தங்கச்சிமார் இந்த மண்டபத்தில் கட்டாயம் இருப்பீர்கள், உங்களுக்காகத்தான்.

வங்கியில் இருந்தவளின் கதை வேறு. மகள் ரொறன்ரோவில். "காசைப் பார்க்காதீங்க அம்மா, இருக்கிறதிலேயே நல்லதைப் போடுங்க" என்று தொலைபேசியில் சொன்னாள். கொழும்புக்குப் போய் இரண்டு கண்ணுக்கும் பலதூர வில்லை வைத்துக்கொண்டாள். கண்ணுக்குள் வரும் ஒளியைப் பங்கு பிரித்து, ஒரு பங்கைத் தூரத்துக்கும் ஒரு பங்கைக் கிட்டத்துக்கும் கொடுக்கும் வில்லை அது. இன்று அவள் கண்ணாடி இல்லாமல் மருந்துச் சீட்டு வாசிக்கிறாள், தொலைபேசி பார்க்கிறாள், பசறை வீதிப் பஸ்ஸின் பெயர்ப்பலகையையும் வாசிக்கிறாள். குறை சொல்ல முடியாது. ஆனால் ஒளியைப் பிரிப்பதற்கு ஒரு கூலி உண்டு. இரவில் எதிரே வரும் வாகனத்தின் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். மங்கல் வெளிச்சத்தில் படிக்கட்டின் விளிம்பு போன்றவை அவ்வளவு எடுப்பாகத் தெரியாது. நம் ஊரின் மழையும் பனிமூட்டமும் வளைவுப் பாதையும் உங்களுக்குத் தெரியும். சின்னக் கார் ஒன்றைத் தானே ஓட்டித் திரிந்தவள், இரவில் ஓட்டுவதை விட்டுவிட்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு வளையங்கள் கொஞ்சம் குறைந்தன; முற்றாகப் போகவில்லை. திரும்பவும் கேட்டால் இதையே வைப்பாயா என்றோம். மருந்துச் சீட்டு வாசிக்கும்போது ஆம், மழை இரவில் இல்லை என்றாள்.

தாதியாக இருந்தவளுக்கு இருபது வருடமாக நீரிழிவு. விழித்திரையில் நீரிழிவின் பாதிப்பு ஆரம்பித்திருந்தது. ஒளியைப் பிரிக்கும் வில்லை அந்தக் கண்ணுக்குப் பொருந்தாது என்று டொக்டர் நேரே சொல்லிவிட்டார். குளுக்கோமா உள்ளவர்களுக்கும், விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்களுக்கும் பெரும்பாலும் இதே பதில்தான். அரச வைத்தியசாலையில் ஒருதூர வில்லை வைத்துக்கொண்டு, வாசிக்க ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டாள். எங்கள் மூவரில் குறைந்த செலவு அவளுக்குத்தான். குறைந்த முறைப்பாடும் அவளுக்குத்தான்.

இன்னும் சில பெயர்கள் காதில் விழும். கருவிழி ஒரு பக்கம் கூடுதலாக வளைந்தவர்களுக்கு டோரிக் வில்லை. வளைவு அதிகமானால் அது உண்மையிலேயே பயன் தரும், இல்லாதவர்களுக்கு வீண்செலவு. மஞ்சள் சாயமிட்ட வில்லை விழித்திரையைக் காக்கும் என்று விற்பார்கள். 2018இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அதற்கு ஆதாரம் காணவில்லை. மடித்து வைக்கும் அக்ரிலிக் வில்லைக்கு 3 மில்லிமீற்றருக்கும் குறைந்த வெட்டுப் போதும். மடிக்க முடியாத பழைய வகைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. சின்ன வெட்டு சீக்கிரம் ஆறும். கை தேர்ந்தவர் செய்தால் பெரிய வெட்டிலும் நல்ல பார்வை கிடைக்கிறது.

இனி எங்களில் யாருடைய கதையும் அல்லாத ஒன்று. உண்மையில் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தோம்.

தாதியின் சின்னம்மா லுணுகலைப் பக்கத் தோட்டத்தில் இருக்கிறார். பெயர் பதிந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவர். இரண்டு கண்ணிலும் புரை. கிளினிக்கில் பார்த்து, திகதி தருகிறோம் என்றார்கள். மகன் கட்டாரில். "ஆஸ்பத்திரியில சும்மா குடுக்கிற லென்ஸ் வேணாம்மா, நான் காசு அனுப்புறேன், நல்லதா வெளிநாட்டு லென்ஸ் போடலாம்" என்றான். பாசம்தான். ஆனால் காசு சேர இரண்டு வருடமானது. அந்த இரண்டு வருடத்தில் சின்னம்மா முற்றிய இலையையும் சேர்த்துக் கிள்ளிப் பேச்சு வாங்கினார். தராசைப் பார்க்க முடியாமல் கணக்கப்பிள்ளை சொன்ன கிலோவைக் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் ஒரு மழை நாளில் மலையிலிருந்து இறங்கும்போது, கான் எது பாதை எது என்று தெரியாமல் கானுக்குள் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். சேர்த்த காசில் ஒரு பகுதி கைக்குப் போனது.

அதன் பிறகு நாங்கள் மூவரும் போய்ப் பேசினோம். புரை முற்றி வெள்ளையாகிவிட்டது. ஒளியால் நீளம் அளக்கும் கருவியால் அந்தப் புரையை ஊடுருவ முடியவில்லை. ஒலி அலையால்தான் அளந்தார்கள். சத்திரசிகிச்சையும் சற்றுச் சிரமமாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் செய்திருந்தால் இலகுவாக முடிந்திருக்கும்.

அரச வைத்தியசாலையில் இருந்த ஒருதூர வில்லைதான் வைத்தார்கள். ஆனால் அந்த இளம் டொக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, நாள் முழுக்க என்ன பார்ப்பீங்க?" சின்னம்மா யோசிக்கவே இல்லை. "கொழுந்தும் படியும்" என்றார். வாசிப்பது கிடையாது. கையெட்டும் தூரத்தில் இலை, பத்தடியில் பாதை. டொக்டர் தூரத்துக்கான பவரைவிடக் கொஞ்சம் கிட்டத்தைப் பார்க்கும்படி பவரைத் தெரிவு செய்தார். ஒரே வில்லை, ஒரே விலை, அதாவது விலையே இல்லை. பவர் மட்டும் அவருக்கென்று பார்த்து எடுத்தது. மறுமாதம் மலைக்குப் போனவர் தராசின் இலக்கத்தைத் தானே வாசித்தார். 14 கிலோ. வந்து எங்களிடம் சொன்னது அந்த இலக்கத்தைத்தான், பார்வை வந்ததை அல்ல.

"சும்மா கொடுக்கும் வில்லை" என்ற இளக்காரம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பலதூர வில்லைக்கு விலை அதிகம் என்பதற்காக ஒருதூர வில்லை தரம் குறைந்ததாகிவிடாது. இங்கிலாந்தின் அரச வைத்திய சேவை தன் மக்களுக்கு வழமையாக வைப்பதும் ஒருதூர வில்லைதான். மலிவாக வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. மதுரையில் டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு சத்திரசிகிச்சை செய்தவர் அவர். வெளிநாட்டு வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாமல் இருந்தபடியால் 1992இல் ஒரோலாப் என்ற தொழிற்சாலையை மதுரையிலேயே ஆரம்பித்து, பத்து டொலருக்கும் குறைந்த விலைக்கு வில்லையைக் கொண்டுவந்தார்கள். அது பல நாடுகளுக்கும் போகிறது. அதே தொண்ணூறுகளில் காத்மண்டுவிலும் இப்படி ஒரு தொழிற்சாலை எழுந்தது. விலை குறைந்தது தரத்தைக் குறைத்ததனால் அல்ல. விலை எட்டாமல் யாரும் குருடாக இருக்கக்கூடாது என்று சிலர் பிடிவாதமாக நின்றதனால்.

தோட்டங்களில் இன்னும் இரண்டு பயங்களைக் கேட்டோம். ஒன்று, "செத்தவங்க கண்ணையா வைக்கிறாங்க?" என்பது. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கத்தால் நம் நாட்டுக்கு உலகில் நல்ல பெயர் உண்டு. ஆனால் தானமாகப் பெறுவதில் மாற்றுவது கருவிழியை. புரைக்கு வைக்கும் வில்லை தொழிற்சாலையில் செய்தது. யாருடைய கண்ணும் அல்ல. மற்றது, 2023 ஏப்ரலில் நுவரெலியாவில் நடந்தது. அங்கே சத்திரசிகிச்சைக்குப் பிறகு சிலருடைய பார்வை பாதிக்கப்பட்டது உண்மை. பிறகு விட்ட சொட்டு மருந்தில்தான் கோளாறு என்று அந்த மருந்தை விலக்கினார்கள், வில்லையில் அல்ல. பயப்படுகிறவர்களை ஏசாமல் இதை மட்டும் சொல்லுங்கள். கண் சிவந்து, வலித்து, பார்வை குறைந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

சில மாதமோ வருடமோ கழித்துத் திரும்ப மங்கினால் "வில்லை பழுதாகிவிட்டது" என்று பதற வேண்டாம். வில்லையைத் தாங்கும் மெல்லிய உறை மங்கியிருக்கும். சில நிமிட லேசரில் சரியாகும். வில்லை ஆயுளுக்கும் இருக்கும். அதன் பவரும் இலக்கமும் அச்சிட்ட சிறு ஸ்டிக்கரைக் கிளினிக் அட்டையில் ஒட்டித் தருவார்கள். அதை அடையாள அட்டையோடு வையுங்கள். சின்னம்மாவுடையது அரிசி டின்னில் இருக்கிறது, அதுவும் பாதுகாப்புத்தான்.

கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப் போகும் தங்கச்சிமாரே, அம்மாவுக்கோ மாமிக்கோ காசு அனுப்புங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்பு வட்ஸ்அப்பில் ஒரு நாள் பொறுமையாகக் கேளுங்கள்: காலையிலிருந்து இரவு வரை எதைப் பார்க்கிறீங்க, கண்ணாடி போடப் பஞ்சியா, இரவில் வெளியே போறீங்களா, முன்பு கண்ணாடி இல்லாமல் வாசிச்சீங்களா? அந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதி, கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் சனம் அதிகம். டொக்டருக்கு நேரம் குறைவு. தாளில் இருந்தால் அரை நிமிடத்தில் வாசித்துவிடுவார்.

ஆசிரியையின் இடக் கண் என்னவானது என்று கேட்பீர்கள். வலக் கண் தூரத்துக்கு, இடக் கண் பழைய ஆறு. இந்த வித்தியாசத்துக்குக் கண்ணாடி செய்தால் ஒரு பொருள் இரண்டு அளவில் தெரிந்து தலை சுற்றியது. ஆகவே சீக்கிரமே இடக் கண்ணையும் செய்ய வேண்டியதாயிற்று. இந்த முறை தாள் கொண்டுபோனாள். கண்ணுக்கு முன் வில்லைகளைப் பிடித்துப் பார்த்து, இடக் கண்ணை வாசிக்கும் தூரத்துக்கு வைக்கலாம் என்று டொக்டர் முடிவு செய்தார். எல்லோருக்கும் இது ஒத்துவராது. இரு கண்ணும் சேர்ந்து ஆழம் கணிப்பது கொஞ்சம் குறையும். முதல் இரண்டு மாதம் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்கினாள்.

இந்தத் தாளைக் கண்ணாடி இல்லாமல் இடக் கண்ணால்தான் வாசித்து வருகிறோம். வலக் கண்ணுக்குக் கடைசி வரிசையில் மூன்று பேர் தூங்குவது தெரிகிறது. இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.